மருந்துக்கு இறக்கிய முடி

கன்னிவாடிக்குக் கிழக்கே, மலையைப் பார்த்த மேட்டில் பொன்னழகுக்கு அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. விடியுமுன்னே நெற்றியில் சார்ஜ் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்க இறங்கிவிடுவாள். பறிக்கிறதில் முதல் கைப்பிடி சந்தைக்குப் போகாது. அதைத் தனியாக ஒரு பித்தளைக் கிண்ணத்தில் போட்டு வைப்பாள். அது வீட்டில் மாட்டியிருக்கும் முருகன் படத்துக்கு. அந்தக் கைப்பிடியைப் பறிக்கும்போது மூச்சைக்கூட ஒருபக்கமாகத் திருப்பித்தான் விடுவாள். முகர்ந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்பது அவளுக்குச் சோறு தின்கிற கை எது என்பதைப்போலத் தெரிந்த விஷயம்.

அந்தத் தோட்டத்தில் வைத்துத்தான் பயம் அவளைப் பிடித்தது.

ஒருநாள் பாதி வரிசை பறித்திருந்தாள். மண் பாதையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. உடனே நெஞ்சு படபடவென்று அடித்தது. யாரோ செத்த சேதி வருகிறது என்று உள்ளே ஒரு குரல் சொல்லிற்று. கை வெடவெடத்து, மடியில் இருந்த பூவெல்லாம் மண்ணில் கொட்டிப்போனது. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். வந்தது பால்காரன். "என்னக்கா, சுளுக்கிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். சாகவில்லை ஒருத்தரும். ஆனால் அன்றையிலிருந்து எந்தச் சத்தம் கேட்டாலும் இப்படித்தான். போன் அடித்தால் எடுக்காமல் தள்ளி நிற்பாள். கதவு தட்டினால் திறக்க மகளை அனுப்புவாள். ஒன்றும் கேட்காமல் அமைதியாக இருந்தாலோ, ஏன் இப்படி அமைதியாக இருக்கிறது என்று அதற்கு ஒரு பயம்.

காரணம் கேட்டால் அவளிடம் இல்லை. புருஷன் சுருளிவேல் தங்கமான ஆள். ஒரே மகள் சுகன்யா காலேஜ் முடித்துவிட்டாள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் அஜித் என்ற பையனுக்கு நிச்சயமும் ஆகிவிட்டது. எல்லாம் நன்றாக நடக்கிற வீட்டில்தான் இப்படி ஒரு வேதனை. கல்யாணத்தன்று மணவறையில் மகளைத் தாரைவார்க்கிற நேரத்தில் இந்தக் கை நடுங்காமல் இருக்க வேண்டும், அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை.

திண்டுக்கல்லில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

"இதயம் நல்லா ஓடுதும்மா. மனசுதான் பயந்துபோய்க் கிடக்கு. மாடியில மனநல டாக்டர் இருக்காரு, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க."

சுருளிவேல் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் மாடிப்படியைத் தாண்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேராக ரோட்டுக்கு வந்து, டீக்கடை ஓரத்தில்தான் நின்றார்.

"ஏங்க, மாடிக்குப் போகச் சொன்னாருல்ல?"

"சொல்லுவாரு. அவருக்கென்ன? புள்ளைக்கு நிச்சயம் பண்ணியிருக்கு. ஆத்தாக்காரி மண்டைக் கோளாறு டாக்டரைப் பாத்தான்னு ஒட்டன்சத்திரம் போய்ச் சேர எம்புட்டு நேரம் ஆகும்?"

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"எண்ணெய் வைத்தியம் பாப்போம். எவனாவது கேட்டா கால் வலின்னு சொல்லிக்குவோம். கால் வலி இல்லாத பொம்பளை யாரு இருக்கா இந்த ஊர்ல?"

அவர் சொன்னதில் சிரிப்பு வந்தது அவளுக்கு. அப்போது சிரித்ததை நினைத்துப் பின்னால் பலநாள் வருத்தப்பட்டாள்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆயுர்வேத வைத்தியசாலை. அதை நடத்துகிற பவித்ரா அதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கிய பெண். சுகன்யாவைவிடக் கொஞ்சம் மூப்பு, அவ்வளவுதான். பொன்னழகின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். தூக்கம், பசி, வெளிக்குப் போவது, கனவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இத்தனை கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பதில் சொல்லச் சொல்லவே பாதி பாரம் இறங்கினமாதிரி இருந்தது.

"வாதம் கூடிப்போச்சும்மா. உள்ளுக்குள்ள காத்து மாதிரி நிலைகொள்ளாமச் சுத்துது. அதை அதட்டி உக்கார வைக்க முடியாது. எண்ணெயும் நெய்யும் குடுத்துத் தாஜா பண்ணித்தான் உக்கார வைக்கணும்" என்றாள். பிறகு சுருளிவேலைப் பார்த்து, "இதோட மனநல டாக்டரையும் பாத்துடுங்கப்பா. ரெண்டும் சேந்து போனா நல்லது. ஒண்ணுக்கொண்ணு விரோதம் இல்ல" என்றாள்.

சுருளிவேல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் வெறும் வயிற்றில் பிரம்மி நெய். ராத்திரி படுக்குமுன் பாலில் அமுக்கராக் கிழங்குப் பொடி. பத்தியமாக, புளி, மிளகாய், கருவாடு எல்லாம் தள்ளி வைக்க வேண்டும்; பகலில் தூங்கக்கூடாது. இதோடு வைத்தியசாலையில் தலைக்குத் தாரை. மரப் பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே தொங்கும் சட்டியிலிருந்து வெதுவெதுப்பான தைலத்தை நூலாக நெற்றியில் விடுவார்கள். நெற்றியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அது போய்ப் போய் வரும். கண்ணை மூடினால் தலைக்குள் ஓடும் ஓட்டமெல்லாம் அந்த எண்ணெயோடு சேர்ந்து மெதுவாகிவிடும். யாரோ தாய்போல நெற்றியைத் தடவிக்கொண்டே இருப்பதாக இருக்கும்.

வீட்டில் அவளுக்கென்று தனியாகச் சமைக்க விடவில்லை சுருளிவேல். தானும் அதையே சாப்பிட்டார்.

"ஏப்பா, உங்களுக்கு எதுக்கு இந்தத் தண்டனை?" என்று சுகன்யா கேட்பாள்.

"தட்டுல இருக்குறது ரசமா, கை கழுவுன தண்ணியான்னு ஒரு சந்தேகம். தீந்ததும் எந்திரிச்சுப் போறேன்" என்பார் அவர். ஆனாலும் தட்டை வழித்துத்தான் எழுந்திருப்பார். இதையும் சொல்ல வேண்டும். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் அவரைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது.

தாரை விட்ட நாட்களில் பொன்னழகு தூங்கினாள். கல்யாணப் புடவை எடுக்கப் போகும் பேச்சு வந்ததும் மறுபடி படபடப்பு ஆரம்பித்தது. ஜவுளிக்கடைக்குள் நிற்க முடியாமல் வாசலில் வந்து உட்கார்ந்தாள். பவித்ராவிடம் போய் அழுதபோது, அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சிரோவஸ்தின்னு ஒண்ணு இருக்கும்மா. தாரையவிட ஆழமாப் போகும். ஆனா தலையச் சுத்தி உயரமா ஒரு பட்டை கட்டி, அதுக்குள்ள எண்ணெயை நிறுத்தணும். இம்புட்டு முடி இருந்தா நிக்காது, வழிஞ்சிடும். வழிச்சு எடுக்கணும். அவசியம்னு நான் சொல்லல. யோசிச்சுச் சொல்லுங்க."

பொன்னழகுக்கு இடுப்பைத் தொடும் முடி. ஐம்பதை நெருங்கியும் பாதிதான் நரைத்திருந்தது. புருஷன் இருக்கிற பெண்பிள்ளை மொட்டை போட்டால் ஊர் கேட்காமல் விடுமா? அதற்கும் சுருளிவேல் ஒரு வழி வைத்திருந்தார். செம்பட்டியில் பஸ் மாறும்போது சொன்னார்.

"பழனிக்குப் போய் இறக்கிடுவோம். கேக்குறவங்களுக்கு வேண்டுதல். டாக்டரம்மாவுக்கும் தோதாப் போச்சு. ஒரே அலைச்சல்ல ரெண்டு சோலி."

"நான் ஒண்ணும் வேண்டிக்கலையேங்க."

"இப்ப வேண்டிக்க. யாரு தடுத்தா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்கு மகள் கல்யாணமும் நடக்க வேண்டும், பெண்டாட்டியும் பிழைக்க வேண்டும். அதற்கு முருகன் கொஞ்சம் மறைப்புப் போட்டுத் தருவார் என்று நம்பினார்.

பழனி அடிவாரத்தில் முடி இறக்கும் மண்டபத்தில் உட்கார்ந்தாள். நாவிதர் வயசாளி. தலையில் தண்ணீரைத் தடவிக்கொண்டே, "என்ன வேண்டுதல் தாயி?" என்று கேட்டார். எல்லாரையும் கேட்கிற கேள்விதான். பேச்சுக்கு ஒரு பேச்சு. பொன்னழகு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எனக்குச் சுகம் கொடு என்று கேட்கலாம்தான். ஆனால் இந்த முடி வத்தலக்குண்டிலேயே முடிவான முடி. எண்ணெய் நிற்பதற்காக எடுப்பது. அதை உனக்காக எடுத்தேன் என்று முருகனிடம் எந்த வாயால் சொல்வது?

"சொல்லக் கூடாததுன்னா மனசுக்குள்ள சொல்லிக்கம்மா" என்றார் நாவிதர். கத்தி இறங்க ஆரம்பித்தது. மனசுக்குள்ளும் அவள் சொல்லவில்லை. சொல்வதற்குள் மடி நிறைந்துவிட்டது.

சந்தனம் பூசிய தலையோடு மலை ஏறினாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோலோடு நிற்கிறவர் முன்னால் போய் நின்றபோது, அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விபூதித் தட்டைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். படி இறங்கும்போது பாதியில் நின்றாள். மலை வெயிலில் உச்சந்தலை சுட்டது.

"ஏங்க, முகர்ந்த பூவை அவருக்கு வச்சுட்டோம்" என்றாள்.

"என்ன பூவு?" என்றார் சுருளிவேல். அவர் கால் வலிக்கிறது என்று கைப்பிடியைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார்.

வைத்தியசாலையில் மொட்டைத் தலையைச் சுற்றிப் பட்டையைக் கட்டி, எண்ணெய் கசியாமல் இருக்க உளுந்து மாவைப் பிசைந்து ஓரமெல்லாம் அப்பினார்கள். "தலையில வடை சுடப் போறீகளா தாயி?" என்று கேட்டாள் பொன்னழகு. அவளிடமிருந்து வந்த கடைசி வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். வெதுவெதுப்பான தைலத்தை உள்ளே நிறைத்தார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் தலைக்குள் இறங்கியது. கைநடுக்கம் நின்றது உண்மை. நெஞ்சடிப்பு தணிந்தது உண்மை. ஆனால் இத்தனை நாளும் பயத்துக்குப் பெயர் இல்லாமல் இருந்தது. இப்போது அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. சாமியை ஏமாற்றியவள். எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் அந்த இடத்துக்குப் போகவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் அம்மா மயிலாத்தாள், பத்திரிகை விஷயமாகப் பேச வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்து நின்றாள் பொன்னழகு. முக்காடு நழுவிற்று. மயிலாத்தாள் எழுந்தே விட்டாள்.

"ஏனுங் சம்பந்தி! எப்பங்க மொட்டை போட்டீங்க? எதுக்குங்க?"

பொன்னழகு புருஷனைப் பார்த்தாள். புருஷன் மகளைப் பார்த்தார். மகள் காப்பித் தம்ளரைப் பார்த்தாள்.

"கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு நேந்துக்கிட்டா" என்றார் சுருளிவேல்.

மயிலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வசதியான வீட்டுப் பெண். அதுவரைக்கும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் பேசிவந்தவள். கிட்டே வந்து பொன்னழகின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ளைக்கு நான்கூட இப்படி நெனைக்கலைங்க. இத்தன முடியை யாருங்க குடுப்பாங்க? உங்க முடியாலதானுங்க நம்ம கொழந்தைங்க ரெண்டும் நல்லா இருக்கோணும்."

அந்தச் சொல் பொன்னழகு தலையில் ஆணியாக இறங்கிவிட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சுகன்யா அப்போதுதான், நிச்சயமான நாளிலிருந்து முதல் தடவையாக, மாமியாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பொன்னழகு வாயை மூடிக்கொண்டாள்.

கல்யாணம் நடந்தது. விரற்கடை முடியோடு மணவறையில் நின்று தாரைவார்த்தாள். கை நடுங்கவில்லை. மயிலாத்தாள் தன் சொந்தங்களையெல்லாம் கூட்டிவந்து, "இவங்கதான், முடி குடுத்தவங்க" என்று காட்டினாள். வயதான பெண்கள் சிலர் அவள் காலைத் தொடக் குனிந்தார்கள். பொன்னழகு பின்னால் நகர்ந்து, பந்தக்காலில் முதுகு இடித்து நின்றாள்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அஜித் மண்டிக்குப் போகும் வழியில் வண்டியோடு சறுக்கி விழுந்து, கை எலும்பு விரிசல் விட்டது. மயிலாத்தாள்தான் போன் போட்டாள்.

"பயப்படாதீங்க சம்பந்தி. பின்னாடியே லாரி வந்துச்சுங்களாம். கையோட போச்சு. உங்க முடிதானுங்க காப்பாத்துச்சு."

போனை வைத்துவிட்டுப் பொன்னழகு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். காப்பாற்ற அங்கே முடி ஏது? வெறும் லாரிதான் வந்திருக்கிறது. இந்தத் தடவை கை. அடுத்த தடவை?

பவித்ராவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் நாடியைப் பிடித்தபடியே கேட்டாள். பிடித்த கையை விடாமல் சொன்னாள்.

"நீங்க சுகமா இருக்கணும்னு முருகன் நினைக்க மாட்டாரா? எதுக்காகக் குடுத்தாலும் அவரு வாங்கிக்குவாரும்மா."

"வாங்கிக்குவாரு தாயி. அவரு நல்லவரு. அதுதான் எனக்குத் தாங்கல. திட்டுற சாமியா இருந்தா அபராதம் கட்டிட்டு வந்திருப்பேன்."

"என் எண்ணெய் இதுக்குப் போதாதும்மா. நீங்க அந்த டாக்டரைக் கட்டாயம் பாக்கணும்" என்றாள் பவித்ரா. தலைக்குத் தினமும் தேய்க்கத் தைலப் புட்டி ஒன்றும் கொடுத்தாள். சுருளிவேலிடம் மாடி டாக்டர் பேச்சை எடுத்தபோது, "இப்பத்தான் சம்பந்தி வீட்டுல உன்னைக் கும்பிடுற அளவுக்கு வச்சிருக்காங்க. அதையும் கெடுத்துக்கணுமா?" என்றார். மருமகனின் கை எலும்பு கூடிவிட்டது. அவள் பயம் கூடவே இருந்தது. தைலத்தைத் தேய்த்தால் ராத்திரி கொஞ்சம் கண்ணயர்வாள். தேய்க்காத நாளில் அதுவும் கிடையாது. முடி வளர்ந்து கழுத்தைத் தொட்டது.

சுகன்யா முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்தார் சுருளிவேல். வாயில் போட்ட சர்க்கரையை விழுங்க முடியவில்லை பொன்னழகுக்கு. மகள், மருமகன், இப்போது பிறக்கப்போகும் உயிர் ஒன்று. மூன்றையும் இல்லாத ஒரு முடியில் கட்டித் தொங்க விட்டிருக்கிறாள் மயிலாத்தாள்.

மறுபடி பழனிக்குப் போகலாம், இந்த முறை நிஜமாகவே நேர்ந்துகொண்டு இறக்கிவிடலாம் என்று கேட்டாள்.

"இன்னொரு மொட்டையா? போன தடவை பக்தின்னாங்க. இந்தத் தடவை பைத்தியம்பாங்க" என்றார் சுருளிவேல்.

அவர் வெள்ளாமை வேலையாகச் சிறுமலைப் பக்கம் போன ஒரு நாளில், பூவைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள். ஒட்டன்சத்திரம் நிறுத்தத்தில் முக்காட்டை முகம்வரைக்கும் இழுத்துக்கொண்டாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். முருகா, இது என் மகளுக்காக. அவ வயித்துல இருக்குற உசுருக்காக. இதுல எனக்கு ஒண்ணும் வேணாம். எனக்குத் தூக்கமே வராட்டியும் போகுது. போன தடவை சொல்லாத வார்த்தையைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னாள். மலை கண்ணில் பட்டபோது ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

மண்டபத்தில் இந்தத் தடவை வேறு நாவிதர். நடுவயது ஆள். அவர் கேட்குமுன்னே அவளே, "மகள் பிரசவத்துக்குய்யா" என்று சொன்னாள்.

"நல்லா இருக்கும்மா" என்று தலையில் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தார். தேய்த்தவர் கையை நிறுத்தி, விரலை மோந்து பார்த்தார்.

"என்னம்மா, மருந்தெண்ணெய் வாசம் இந்த அடி அடிக்குது? தலைக்கு வைத்தியம் பாக்குறீகளா?"

பொன்னழகு நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு நாளும் தைலத்தில் ஊறி வளர்ந்த முடி. வேர்க்காலில் இருந்து நுனிவரைக்கும் மருந்து குடித்து வளர்ந்தது. இதையும் அவள் முதலில் தனக்கென்றுதான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதையும் முகர்ந்தாகிவிட்டது.

"வேணாங்கய்யா" என்று எழுந்தாள்.

"என்னம்மா, ஈரம் பண்ணின பிறகு எந்திரிக்கிறீங்க?"

"இது ஆகாதுங்கய்யா. வேற கொண்டுட்டு வாரேன்."

நாவிதர் பக்கத்து ஆளைப் பார்த்துக் கையை விரித்தார். ஈரத் தலையோடு வெயிலில் நின்று, மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். மேலே ஏறவில்லை. வெறுங்கையோடு ஏறத் தைரியம் இல்லை.

பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தைலப் புட்டியை எடுத்துப் பழைய துணியில் சுற்றி, பீரோவுக்கு மேலே பின்னால் தள்ளி வைத்தாள். நெய்ச் சிமிழையும் பொடியையும் அதனோடு சேர்த்து வைத்தாள். இனி வளர்கிற முடியில் மருந்து படக்கூடாது. இருக்கிற முடியெல்லாம் வெட்டுப்பட்டுப் போய், அடியிலிருந்து புது முடி வந்து, அது கொடுக்கும்படி நீள்கிற வரைக்கும் இப்படியேதான். அதற்குள் சுகன்யாவுக்குப் பிரசவம் ஆகிவிடும். அதுவும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துதான் வைத்தாள்.

சுருளிவேல் வந்து கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவள் தலையைப் பார்த்தார்.

"என்ன, இன்னைக்கு எண்ணெய் வைக்கலையா?"

"கால் வலி தேவலைங்க" என்றாள் பொன்னழகு.

அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல? எண்ணெய் வைத்தியம்னா சும்மாவா? அப்ப நாளைக்குப் புளிக்குழம்பு வையி. கருவாடு இருந்தா ரெண்டு போடு. நாக்கு செத்துப்போச்சு" என்றார்.

"வைக்கிறேங்க" என்று சோற்றைப் போட்டாள். அப்போது மண் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் கேட்டது. கரண்டி தட்டில் பட்டுக் கடகடவென்று அடித்தது. அவர் தலை நிமிர்வதற்குள் இன்னொரு கையால் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.